வெட்டுவதைத் தவிர

பானை மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, சமையலறை வாசலில் காலை அகட்டி நிற்கிறார் லிஃப்ட் மெக்கானிக். “இப்ப என்னைத் தாண்டிப் போ, பாப்போம்,” என்கிறார் உள்ளே நிற்கும் மனைவியிடம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு ஏற்கெனவே பத்து நிமிடம் தாமதம். “காலங்காத்தால நான்தான் கெடைச்சனா?” என்று கேட்டுவிட்டுப் பின்கதவு வழியாகப் போய்விடுகிறார். மெக்கானிக்குக்கு வருத்தமில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எழுதிக்கொள்கிறார்: ‘வாசலை மறித்து நிற்கும் வீரனை எதிரி தாண்ட முடியாது. வேறு வழி இருந்தால் செல்லாது.’

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு ராஜ்ஜியம் விரியும். அவர் கதை சொல்வார். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் செய்வதைச் சொல்லிப் பகடை உருட்டுவார்கள். மனைவி மந்திரவாதி. மாடிவீட்டுத் தையற்காரர் திருடன். மனைவியின் தம்பி போர்வீரன். யோசிக்க ஆளுக்கு ஒரு நிமிடம். மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துவிட்டால் கட்டிய மனைவிக்கும் சலுகை கிடையாது. தையற்காரர் ஒருமுறை விடாமல் தும்மியே தன் முறையை இழந்திருக்கிறார்.

தம்பிக்கு மட்டும் நான்கு வருடமாக அந்த மணல் தேவைப்பட்டதே இல்லை. பார்சல் வேன் ஓட்டுகிற அவன், கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே “வெட்டுறேன்” என்பான். எதிரே பூதம் நின்றாலும் அதுதான், பூட்டிய கதவு நின்றாலும் அதுதான்.

போன ஞாயிறு ஆட்டம் முடிந்து செருப்பை மாட்டும்போது சொன்னான்: “அடுத்த வாரத்தோட நான் நிறுத்திக்கிறேன் மாமா. அக்கா எழுதி வச்சிருக்கிற மந்திரமே மூணு பக்கம் இருக்கு. பறக்குது, எரிக்குது, மறையுது. எனக்கு இருக்கிறது ஒரு வாளு, ஒரு வார்த்தை. அத நீங்களே எனக்காகச் சொல்லிரலாம்.”

அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தனி அறை பார்த்துக்கொண்டு போய்விட்ட தம்பியை அவர் வாரத்துக்கு ஒருமுறை கண்ணால் பார்ப்பது அந்த மேசையில்தான். அவர் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. மெக்கானிக்குக்குக் கேட்டுவிட்டது.

விளையாட்டின் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். மந்திரவாதிக்கு அறுபது பக்கம், வீரனுக்கு ஒன்றரை. புத்தகம் தராவிட்டால் என்ன, வீட்டு விதி என்று நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதானே? ஆனால் எடை ஏற்றிச் சோதிக்காமல் எந்த லிஃப்டிலும் ஆளை ஏற்றாத மனுஷர் அவர். விதியையும் தன் உடம்பில் ஏற்றிப் பார்த்துத்தான் எழுதுவார். வேலைக்குப் போன கட்டடத்தில் காவலாளியின் கையில் குடையைக் கொடுத்து, “தட்டி விடுறேன், கெட்டியாப் பிடிச்சுக்கங்க,” என்றார். “சார், இது என் சொந்தக் குடை,” என்றார் காவலாளி. ஆயுதத்தைத் தட்டிவிடும் விதி அங்கே பிறந்தது. கூடவே காவலாளிக்குப் புதுக் குடையும் வாங்க வேண்டியதாயிற்று.

எழுதியதெல்லாம் லிஃப்ட் பராமரிப்புச் சீட்டுகளின் பின்பக்கத்தில். அதில் ஒன்று தவறுதலாகக் கட்டட மேலாளர் கைக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை அவர் போன் செய்தார்: “‘காலைத் தட்டிக் கீழே தள்ளலாம், ஒரு சண்டைக்கு ஒருமுறை மட்டும்’னு எழுதியிருக்கீங்களே, இது எந்த மாடிக்கு?” மெக்கானிக் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, சீட்டை வாங்கி வந்தார். ஆக மொத்தம் ஐந்து விதிகள்; எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதிவைத்தார்.

ஞாயிறு வந்தது. தம்பியும் வந்தான், கடைசி நாள் என்பதை மறக்காமல் சொல்லிக்கொண்டே. கதையில் ஒரு தொங்குபாலம், கீழே பள்ளம். மந்திரமெல்லாம் தீர்ந்துபோய் நிற்கும் மந்திரவாதியின் தலைக்கு மேலே பூதத்தின் கதாயுதம் ஓங்கியிருக்கிறது. வீரனின் முறை. தம்பி கைபேசியைப் பார்த்தபடி வாயைத் திறப்பதற்குள், மெக்கானிக் சீட்டை அவன் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தார்.

தம்பி படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான்.

“பக்கத்துல நிக்கிறவங்க மேல விழற அடிய நான் வாங்கிக்கலாமா?”

“வாங்கிக்கலாம்.”

“இல்ல, ஆயுதத்தத் தட்டிவிட்டா அது பள்ளத்துல விழுமா?”

“அது பகடை சொல்லும்.”

“டேய், மணல் போகுதுடா,” என்றார் அக்கா. “வெட்டித் தொலை.”

“சும்மா இரு, அக்கா. யோசிக்கிறேன்ல?” தம்பி கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றிச் சீட்டின் மேல் குனிந்தான்.

மேல்குடுவையில் ஒரு சிட்டிகை மணல்தான் மிச்சம். மெக்கானிக் ஒற்றை விரலை நீட்டி, கடிகாரத்தை மெல்லப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்.