இடது பக்கத்தில் ஒரு மணி

மலர்க்கொடிக்குப் பாட்டு கேட்கும் பழக்கம் கிடையாது. திருச்சி தில்லைநகரில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாகச் செவித்திறன் சோதனை செய்கிறவள் அவள். சின்னக் கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் எவ்வளவு லேசா கேட்டாலும் பட்டனை அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவாள். ஒரு நாளைக்குப் பதினைந்து பேர். சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்குள் நுழையும்போது டி.வி. ஓடிக்கொண்டிருந்தால் முதல் வேலையாக அதை அணைப்பாள். அரிசி மண்டியில் வேலை பார்க்கும் கணவர் வீரமலையும், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் யாழினியும் அதற்குப் பழகியிருந்தார்கள்.

போன வருடம் ஆடி மாதம் அருள்நாதன் மூன்றாவது தடவையாக வந்தார். நில அளவைத் துறையில் வரைபடம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. கே.கே. நகரில் வீடு. அவருடைய அப்பாவுக்கு வந்தது போலவே அவருக்கும் வயது ஏற ஏற இரண்டு காதும் மந்தமாகிக்கொண்டு வந்தன. புதிதாகக் காது மெஷின் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"பேச்செல்லாம் நல்லா கேக்குது மேடம். பாட்டுதான் தகரத்துல ஆணியால கீறின மாதிரி இருக்கு" என்றார்.

"என்ன பாட்டு சார் கேப்பீங்க? பழைய பாட்டா?"

"பழசுதான். ஆனா இங்கிலீஷ்."

ஆஷ்வெல் லேன்டர்ன் என்று ஒரு இசைக்குழுவாம். இங்கிலாந்தில் ஐந்து பேர் சேர்ந்து நடத்தியது. ஒன்பது ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்து போயிற்று. கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா மகன் ஒருவர் எண்பத்து நான்கில் கேசட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்க, அன்று பிடித்தது இன்றுவரை விடவில்லை. "ப்ரோக்ரெசிவ் ராக்குன்னு சொல்வாங்க. ஒரு பாட்டே இருபது நிமிஷம் ஓடும்" என்று சொன்னவர், தயங்கிக்கொண்டே ஒன்று கேட்டார். எது தன் காதிலிருந்து போய்விட்டது, எதை மெஷின் கெடுக்கிறது என்று அவருக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நல்ல காது உள்ள ஒருவர் அந்த ஆல்பங்களைக் கேட்டு, எத்தனையாவது நிமிடத்தில் என்ன சத்தம் வருகிறது என்று எழுதிக் கொடுத்தால், தனக்குக் கேட்பதை டிக் அடித்துக்கொண்டே வரலாம்.

"எனக்கு இங்கிலீஷ் பாட்டே புரியாது சார்."

"புரியவே வேணாம். கேக்குறத மட்டும் எழுதுங்க போதும். உங்க காதை விட நல்ல காது இந்தத் திருச்சியில எனக்கு வேற யாரைத் தெரியும்?"

அந்த ஒரு வார்த்தையில் அவள் விழுந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் காதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும், யாழினி தன் போனில் முதல் ஆல்பத்தைத் தேடி எடுத்துத் தன் ஹெட்போனையும் கொடுத்தாள். மலர்க்கொடி நோட்டை விரித்து உட்கார்ந்தாள். காற்று அடிப்பது போல ஏதோ கேட்டது. அப்புறம் ஆர்மோனியம் போல ஒன்று, ஆனால் ஆர்மோனியம் இல்லை. நாலு நிமிடம், ஐந்து நிமிடம் ஆயிற்று. பாடுகிறவரைக் காணோம்.

"பாட்டே ஆரம்பிக்கலடி. போன் மாட்டிக்கிச்சா பாரு."

"அதுதாம்மா பாட்டு. ஓடிட்டுத்தான் இருக்கு."

ஆறாவது நிமிடம் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மேளமும் கித்தாருமாக இறங்கினார்கள். மலர்க்கொடி ஹெட்போனைப் பிடுங்கிப் பாயில் எறிந்துவிட்டாள். இதையா அந்த மனுஷன் நாற்பது வருடமாகக் கேட்கிறார்! ஆனாலும் ஒப்புக்கொண்ட வேலை. மறுபடி மாட்டினாள். 'ஆறு நிமிடம் பன்னிரண்டு விநாடி: இடி' என்று எழுதினாள்.

அதைவிட அவளைக் கலங்கடித்தது தாளம். அவள் கால் ஒரு பக்கம் தட்ட, பாட்டு அதற்கு முன்னாலேயே திரும்பிவிடும். எண்ணிப் பார்த்தாள். ஏழு ஏழாகப் போனது. ஒரு கால் குட்டையான ஆள் வேகமாக மாடிப்படி ஏறுவது போல இருந்தது. மூன்று நாள் கழித்து, அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது தன் கத்தி ஏழு ஏழாக விழுவதைக் கவனித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். தனக்குத் தெரியாமல் தனக்குள் ஒன்று நுழைந்திருக்கிறதே என்று பயமாகக்கூட இருந்தது.

இரண்டாவது ஆல்பத்தில் அந்தப் பாடகரின் குரல் அவளுக்குப் பிடித்துப்போனது. சொல் ஒன்றும் விளங்காவிட்டாலும், வீட்டு மனுஷன் பேசுவது போன்ற குரல். மூன்றாவதைப் போட்டால் வேறு யாரோ பாடுகிறார்கள். அருள்நாதன் அடுத்த தடவை வந்தபோது அவரை வராண்டாவிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆளு எங்க சார்?"

"எந்த ஆளு?"

"பாடுறவரு. மூணாவதுல அவரைக் காணோமே."

"அவர் போயி அம்பது வருஷம் ஆகுதே."

"ஐயோ! இறந்துட்டாரா?"

"அதெல்லாம் இல்ல. சண்டை போட்டுக்கிட்டு பேண்ட்டை விட்டுப் போயிட்டாரு" என்று அருள்நாதன் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய சண்டை அவளுக்குப் போன வாரம் நடந்ததாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அந்த மூன்றாவது ஆல்பத்தின் மேல் கோபமாக இருந்தாள்.

நான்காவது ஆல்பத்தில் 'த லாங் ஃபெரி' என்று ஒரே பாட்டு இருபத்து மூன்று நிமிடம். அதற்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அருள்நாதன் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். எண்பத்தாறாம் வருடம் அவரே அந்த ஒரு பாட்டை மட்டும் கேட்டு, வரைபடத்துக்கு எழுதுகிற பொடி எழுத்தில், நிமிடவாரியாகக் குறித்து வைத்தது. முன்கூட்டியே காட்டினால் அவள் அதைப் பார்த்து எழுதிவிடுவாளோ என்று மறைத்து வைத்திருந்தாராம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"பதினோரு நிமிஷம் நாப்பது செகண்டு. இடது பக்கம் டிரையாங்கிள். ஸ்கூல் பேண்டுல முக்கோணமா ஒரு கம்பியைத் தட்டுவாங்களே, அது. மூணு தடவை. நீங்க எழுதல."

"அங்க ஒண்ணும் இல்லையே சார்."

"ரொம்பச் சன்னமா வரும். இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க மேடம்."

அன்றைக்கு வீட்டில் நான்கு தடவை கேட்டாள். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை. அவருக்குப் போன் செய்தாள்.

"நாலு தடவை கேட்டுட்டேன் சார். அங்க மணியெல்லாம் இல்ல. நோட்டுல அந்த வரியைப் பின்னால எப்பவோ சேத்து எழுதியிருப்பீங்க. வேற எதுலயோ கேட்டதை இதுலன்னு ஞாபகம் வச்சிருக்கீங்க. நான் டெய்லி இதே வேலை பாக்குறவ சார்."

அருள்நாதன், "எங்கம்மாவுக்கும் மறதி நோய் அப்படித்தான் ஆரம்பிச்சுது. இல்லாதது எல்லாம் இருக்குன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மெஷினைச் சரி செய்ய அடுத்த வாரம் அவருக்குத் தேதி கொடுத்திருந்தது. அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

இதற்குள் யாழினிக்கும் அந்தப் பாட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கட்டிலில் படுத்து அந்த நான்காவது ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மலர்க்கொடி துணி மடித்தபடியே பேச்சுவாக்கில் கேட்டாள்.

"பதினோராவது நிமிஷத்துல ஏதோ மணி வருதுன்னு அந்த சார் சொன்னாருடி. உனக்குக் கேக்குதா?"

யாழினி அந்த இடத்துக்குத் தள்ளிப் போட்டுக் கேட்டாள். "கேக்குதேம்மா. டிங், டிங், டிங்குன்னு. லெஃப்ட்ல."

"விளையாடாத."

"சத்தியமாம்மா. இந்தா, நீயே கேளு."

மலர்க்கொடி வாங்கி மாட்டிக் கேட்டாள். இல்லை. யாழினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றி, இடது வலது மாற்றித் திருப்பி மாட்டிவிட்டு, அதே இடத்தை மறுபடி ஓட விட்டாள்.

வலது காதில் மணி அடித்தது. மூன்று தடவை. சுத்தமாக, கிணற்றில் காசு போட்டது போல.

மலர்க்கொடி தானே ஹெட்போனைத் திருப்பிப் போட்டாள். மணி இல்லை. மறுபடி திருப்பினாள். இருந்தது. மடியில் இருந்த துணி கீழே சரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. மற்றவர்களாக இருந்தால் அழுக்கு அடைத்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். அவளால் அப்படி நினைக்க முடியவில்லை. ஒரு காது மட்டும், அதுவும் உச்ச ஸ்தாயி ஒலிகள் மட்டும் போயிருந்தால் டாக்டர் எந்தத் தாளில் என்ன எழுதி எங்கே அனுப்புவார் என்பது அவளுக்கு மனப்பாடம். பத்தொன்பது வருடத்தில் எத்தனை பேரை உட்கார வைத்திருப்பாள்! தன்னை ஒரு தடவைகூட உட்கார வைத்துப் பார்த்ததில்லை.

"என்னம்மா? ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?" என்று யாழினி தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

திங்கட்கிழமை நோயாளிகள் வருவதற்கு முன்னால் டாக்டர் சம்ரீனிடம் போய்ச் சொன்னாள். சோதனை செய்ய வேறு ஆள் இல்லாததால் டாக்டரே சோதனை மெஷின் முன்னால் உட்கார்ந்தார். மலர்க்கொடி முதல் முறையாக அந்தக் கண்ணாடி அறைக்குள் நோயாளியாகப் போனாள். ஆட்களை எப்போதும் பக்கவாட்டில் திருப்பித்தான் உட்கார வைப்பாள், மெஷின் கண்ணில் படக்கூடாது என்று. டாக்டருக்கு அது தோன்றவில்லை. வலது காது முழுக்க நன்றாக முடிந்தது. இடது காதில் ஒலியின் ஸ்தாயி ஏற ஏற, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரின் விரல் அழுத்துவது தெரிந்தது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினார். இன்னும் கூட்டி அழுத்தினார். கையில் பட்டனை வைத்துக்கொண்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சம்ரீன் கதவைத் திறந்து உள்ளே வந்தார். "மலர், ஒரு பக்கம் மட்டும்னா அடுத்து என்னன்னு உங்களுக்கே தெரியும்."

"ஸ்கேன்."

"ஆமா. இன்னைக்கே எடுத்துடலாம்."

காது நரம்பில் எட்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. புற்று இல்லை. மெதுவாக வளரலாம், வளராமலே இருக்கலாம். இப்போதைக்குக் கத்தி வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார்கள். "நிறையப் பேர் நடக்கும்போது தள்ளாட ஆரம்பிச்ச பிறகுதான் நம்மகிட்ட வர்றாங்க. உங்களுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சுது?" என்று டாக்டர் கேட்டதற்கு, ஒரு பாட்டில் மணி கேட்கவில்லை என்று மட்டும் சொன்னாள்.

அன்று இரவு வீரமலை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ரெண்டு வருஷமா உன் இடது பக்கம் படுத்துக்கிட்டு பேசினா நீ பதிலே சொல்ல மாட்ட. அலுப்புன்னு நெனச்சேன்" என்றார். போனை எப்போதிலிருந்து வலது காதில் மட்டும் வைக்கிறாள் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் கே.கே. நகருக்குப் போனாள். அருள்நாதனின் மனைவி லூர்துராணி கதவைத் திறந்தார். கூடத்தில் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டுகள், கயிறு கட்டித் தயாராக இருந்தன.

"ரெண்டு வாரமா ஒரு மாதிரியா இருக்காரு. எல்லாத்தையும் பழைய பேப்பர்காரன்கிட்ட போடச் சொல்றாரு. கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு" என்றார் லூர்துராணி.

அருள்நாதன் உள்ளேயிருந்து வந்தார். மலர்க்கொடி உட்காராமலே சொன்னாள்.

"மணி இருக்கு சார். மூணு தடவை. நீங்க எழுதின இடத்துலயே இருக்கு. எனக்குத்தான் கேக்கல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்தில் முதலில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ... என்னம்மா சொல்றீங்க? நான் போயி உங்ககிட்ட இதைக் கொடுத்து..." அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவர் முதல் முறையாக அம்மா என்றார்.

"நீங்க கொடுக்கலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது சார். நான்தான் உங்களை அப்படிப் பேசிட்டேன். பெரிய இவ மாதிரி."

மறதி நோய் டாக்டரைப் பார்க்கத் தஞ்சாவூரில் பெயர் பதிந்திருந்ததை அப்போதுதான் அவர் மனைவியிடமே சொன்னார். லூர்துராணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை நாளு இதை மனசுக்குள்ள வச்சுக்கிட்டா சோறு தின்னீங்க?" என்று கணவரைச் சத்தம் போட்டுவிட்டு, மலர்க்கொடியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. ஆனால் பெட்டி பீரோவுக்கு மேலே போனது.

மாசியில் எடுத்த இரண்டாவது ஸ்கேனிலும் அதே எட்டு மில்லிமீட்டர். அடுத்தது ஒரு வருடம் கழித்து எடுத்தால் போதும் என்றார்கள். மெஷின் காட்டுகிற கணக்கை வைத்துச் செய்கிற வேலை என்பதால் மலர்க்கொடி தன் வேலையிலேயே இருக்கிறாள். மீதி ஆல்பங்களையும் கேட்டு முடித்தாள். ஆறாவதுக்குப் பிறகு வந்ததெல்லாம் குப்பை என்பது அருள்நாதனின் கட்சி. எட்டாவதுதான் எல்லாவற்றிலும் உசத்தி என்று அவள் இன்னும் விடாமல் சண்டை போடுகிறாள்.

இந்தச் சித்திரையில் ஒரு சனிக்கிழமை, மருத்துவமனையில் வேலை பார்க்கிற பதினோரு பேரையும், டாக்டர் சம்ரீனையும் சேர்த்து, வரிசையாகக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தாள். மருந்துக் கடையில் இருக்கும் ரோசரிக்கு மட்டும் இரண்டு காதிலும் லேசான குறை தெரிந்தது. கடைசியாக, அவளைக் கூட்டிப்போக வந்திருந்த வீரமலையையும் விடவில்லை. பக்கவாட்டில் திருப்பி உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டினாள். அவர் பயத்தில், சத்தமே அனுப்பாத நேரத்திலும் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார்.