ஏதோ கொஞ்சம் கிடக்குங்க

திருக்காட்டுப்பள்ளி பேருந்து நிலையத்துக்கு எதிரே நான் ஒரு கணினி மையம் வைத்திருக்கிறேன். பட்டா, பாஸ்போர்ட், விசா, ஹால் டிக்கெட் என்று எதற்கு விண்ணப்பிக்க வேண்டுமானாலும் ஊர் என்னிடம்தான் வரும். வானதிக்கு வாய் நீளம், ஆனால் வேலை சுத்தம் என்பார்கள். இரண்டும் உண்மைதான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாதவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வகையில் என்னை ரொம்பவும் சோதித்தவர் அமிர்தம் சின்னம்மா.

சின்னம்மா என்றால் உறவு இல்லை, பக்கத்துத் தெரு. அவர் கணவர் இறந்தபோது கொழுந்தன்மார் எல்லாரும் கூடி, “பொம்பளையால இது ஆவாது, நிலத்தை வித்துட்டு மகளோட போயி இரு” என்றார்கள். சின்னம்மா விற்கவில்லை. சொந்தமாக அரை வேலி, அதாவது மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அது போகக் குத்தகைக்கு எடுத்த நிலமும் உண்டு. டிராக்டர்காரர், நடவு ஆட்கள், உரக்கடை, கொள்முதல் நிலையம் என்று அத்தனை பேரிடமும் அவரே நின்று பேசிச் சாகுபடி செய்கிறார்.

ஒரே மகள் ஈஸ்வரி. கல்யாணமாகி அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கிறாள். அவளுக்கு முதல் கரு தங்கவில்லை. அப்போது தாய் இங்கே போனைப் பிடித்துக்கொண்டும் மகள் அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் அழுதார்கள். மறுபடி உண்டாகிப் பங்குனியில் பிரசவம் என்று தெரிந்ததும் சின்னம்மா நேரே என் கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இந்தத் தடவை நான் அவ பக்கத்துல இருக்கணும் வானதி. என்ன செய்யணுமோ செய்யி.”

அதற்குள் தஞ்சாவூரில் யாரோ ஒரு ஏஜென்ட் அவருக்குப் பாடம் நடத்தியிருந்தான். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டுமாம். யார் பணத்தையாவது வாங்கி வங்கிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் எதிரில் இல்லாதது அவன் செய்த புண்ணியம். பொய் என்று கண்டுபிடித்தால் ஆயுசுக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள். மகள் பிரசவத்துக்கு அம்மா போவது என்ன களவாணித்தனமா, மறைப்பதற்கு? ஆஸ்பத்திரிக் கடிதம், செலவெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாக மருமகன் பரணிதரன் எழுதிய கடிதம், பட்டா, சிட்டா, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கினேன்.

விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தால் சின்னம்மா ஒவ்வொரு கேள்வியையும் விட மாட்டேன் என்கிறார். நீங்கள் எப்போதாவது பயங்கரவாதச் செயலில் ஈடுபட்டதுண்டா என்று ஒரு கேள்வி வரும். அதைப் படித்துச் சொன்னதும் அவர் கண்ணை அகல விரித்தார்.

“இதைக் கேட்டா எவனாவது ஆமான்னு சொல்லுவானா?”

“சொல்ல மாட்டான். பின்னாடி மாட்டினா, பொய் சொன்னான்னு பிடிப்பாங்க.”

“அடேங்கப்பா, எமகாதகனுங்களா இருக்கானுங்களே!” என்று ரசித்துச் சிரித்தார். போட்டோவுக்குக் கண்ணாடியை ஏன் கழற்ற வேண்டும், பத்து விரல் ரேகையும் எதற்கு, பத்து வருஷ விசா என்றால் பத்து வருஷமும் அங்கேயே இருக்கலாமா என்று வரிசையாகக் கேட்டார். அது கதவைத் தட்டுவதற்கான அனுமதிதான், உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அங்கே விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி முடிவு செய்வார் என்று சொன்னேன். இத்தனை கேட்கிற மனுஷி, “வருமானம் எவ்வளவு சின்னம்மா?” என்று நான் ஒன்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். “என்னத்த வருது போ, வாய்க்கும் வயித்துக்கும் சரியாப் போவுது” என்றார். நானே கொள்முதல் ரசீதுகளை வைத்துக் கணக்குப் போட்டு எழுதினேன்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் யாரும் விளைச்சலை வாய்விட்டுச் சொல்வதில்லை. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணக்கூட மாட்டோம், லாபம் என்றுதான் தொடங்குவோம். கண்டுமுதல் எவ்வளவு என்று யாராவது கேட்டால், களம் நிறைய நெல் கிடந்தாலும், “ஏதோ கண்டுச்சு” என்போம். கண் பட்டுவிடும் என்கிற பயம். அதிலும் சின்னம்மா இருக்கிறாரே, பொங்கல் பானை பொங்கி வழிந்தால்கூடச் சுமாராத்தான் பொங்குச்சு என்று சொல்கிற ரகம்.

ஐப்பசியில் சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். தனியாகப் போய்விட்டு மறுநாள் கடைக்கு வந்தார். முகமே சரியில்லை. பாஸ்போர்ட்டையும் ஒரு துண்டுத் தாளையும் மேசையில் வைத்தார். விசா மறுக்கப்பட்டது என்று அதில் இருந்தது.

“கோப்பைப் பாத்தாங்களா?”

“தொடக்கூட இல்ல. என்ன பண்றீங்கன்னு கேட்டாங்க. ஏதோ விவசாயம்னேன். நிலம் எவ்வளவுன்னாங்க. ஏதோ கொஞ்சம் கிடக்குங்கன்னேன். என்ன வரும்னாங்க. ஒண்ணும் பெருசா இல்லீங்கன்னேன். இங்க யாரு இருக்கான்னாங்க. யாரும் இல்லீங்க, ஒரே மக, அவளும் அங்கதான்னேன்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். “சின்னம்மா! அங்க சட்டமே என்ன தெரியுமா? வர்றவங்க எல்லாரும் திரும்ப மாட்டாங்கன்னுதான் அவங்க நினைச்சுக்குவாங்க. இல்ல, எனக்கு ஊர்ல வேலை கிடக்கு, நான் வந்தே தீருவேன்னு நாமதான் காட்டணும். நீங்க போயி எனக்கு இங்க ஒண்ணுமே இல்லன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கீங்க!”

“பின்ன, முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட இருக்கிறதை எல்லாம் கொட்டவா முடியும்?” என்றார் பாவமாக. அப்புறம் அந்தத் துண்டுத் தாளைப் பார்த்துக்கொண்டே, “ஈஸ்வரிகிட்ட எப்புடிடி சொல்லுவேன்?” என்று அழுதார்.

மறுபடியும் கட்டணம் கட்டி, மறுபடியும் விண்ணப்பித்தோம். நேர்காணல் தேதிதான் கிடைக்கவில்லை. வேலை கொஞ்சம் ஓய்ந்தால் தேதி காட்டும் இணையப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது. யாரோ ரத்து செய்த நேரம் ஒன்று தை மாதக் கடைசியில் சிக்கியது. அதற்குள் சின்னம்மாவுக்கு அறுவடையும் முடிந்துவிடும். அதுவரை அவரைப் பேச வைப்பது என் பொறுப்பு.

கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் நான் அதிகாரியாக உட்காருவேன். அவர் எதிரே கைகட்டி நிற்பார்.

“உங்களுக்கு எவ்வளவு நிலம்?”

“ஏதோ…”

“ஏதோ கூடாது!”

“அரை வேலி.” சொல்லிவிட்டுச் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்ப்பார், யாராவது கேட்டுவிட்டார்களா என்று. “வேலின்னா அவங்களுக்குப் புரியாது, ஏக்கர்ல சொல்லுங்க” என்பேன். ஏக்கரில் சொல்வார். சம்பாவில் எத்தனை மூட்டை என்று கேட்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். “சொல்லிட்டேன்னா அடுத்த போகம் புகையான் வந்து வுழுந்துடும் புள்ள” என்பார். பூச்சிக்கு அமெரிக்காக்காரனிடம் பேசுவது கேட்குமா என்று நான் கத்துவேன். இந்தக் கூத்தில் ஒரு கேள்வி என் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. நிலத்தை விடுங்கள். பெற்ற மகளும் பிறக்கப்போகும் பேரப்பிள்ளையும் அங்கே. இங்கே வெறும் வீடு. இவர் ஏன் திரும்பி வர வேண்டும்? கேட்டேன்.

“சாகுபடி இருக்கே” என்றார், நான் சொல்லிக்கொடுத்த பதிலையே. எனக்கே அதில் திருப்தி இல்லை. அதிகாரிக்கு எப்படி இருக்கும்?

இந்தத் தடவை கடையைச் சாத்திவிட்டு நானும் கூடப் போனேன். போன், பை எதுவும் உள்ளே எடுத்துப் போகக்கூடாது. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு தூதரகத்துக்கு எதிர்ப்புறம் ஒரு மரத்தடியில் நின்றேன். பாஸ்போர்ட்டை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டால் விசா உண்டு, கையில் கொடுத்து அனுப்பினால் இல்லை. அதனால் வெளியே வருகிற ஒவ்வொருவர் கையையும் பார்த்தபடி நின்றேன். ஒரு பெரியவர் பாஸ்போர்ட்டோடு வந்தார். ஒரு இளம் ஜோடி பாஸ்போர்ட்டோடு வந்தது. பிறகு சின்னம்மா வந்தார். கையில் கோப்பு மட்டும் இருந்தது.

ரோட்டைத் தாண்டி ஓடினேன். “என்ன கேட்டாங்க, என்ன சொன்னீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க!”

“தமிழ் சொல்ற பொண்ணு ஒண்ணு பக்கத்துல நின்னுச்சு. ஒரே மக அங்க இருக்கா, நீங்க அங்கேயே தங்கிட மாட்டீங்களான்னு கேட்டாங்க. ஆசையாத்தான் இருக்குன்னேன்.”

“அடப்பாவி சின்னம்மா!”

“இரு, முழுசாக் கேளு. ஆசையாத்தான் இருக்கு, ஆனா ஜூன்ல மேட்டூர் அணை திறந்துடும். நான் இல்லேன்னா அந்த வயல்ல என் கொழுந்தன்மாரு காலை வப்பானுங்க. அவரு போனப்ப பொம்பளையால ஆவாதுன்னானுங்க. ஆவுதுன்னு வருஷா வருஷம் காட்டிக்கிட்டு இருக்கேன். மக வீட்டுல சோறு தின்னுக்கிட்டு உக்காந்தா, அவனுங்க சொன்னது சரின்னு ஆயிடாதா? நான் வந்துடுவேங்கன்னேன். நிலம் எவ்வளவுன்னு கேட்டாங்க, சொன்னேன். மூட்டைக் கணக்கையும் சொன்னேன், அவங்க கேக்காமலே. சத்தமாச் சொல்லிட்டேன்டி, வரிசையில நின்ன அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும்!” சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். “வீட்டுக்குப் போனதும் உப்பு மிளகாய் சுத்திப் போடணும்.”

இத்தனை நாளாக என்னைக் குடைந்த கேள்விக்குப் பதில் அந்த நடைபாதையில்தான் கிடைத்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அப்புறம் மூட்டை கட்டுகிற கலாட்டா. பேரப்பிள்ளையைப் பெயர் வைக்கும்போது கிடத்தப் புது நெல் வேண்டும் என்றார். நெல், அரிசி, விதை எதையும் உள்ளே விட மாட்டார்கள் என்று பிடுங்கி வைத்தேன். சர்க்கரை மாத்திரைக்கு டாக்டர் சீட்டும், வெளிநாடு போகிறவர்களுக்கான மருத்துவக் காப்பீடும் எடுக்க வைத்தேன். விமான நிலையத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், ஏதோ என்று ஆரம்பிக்காதீர்கள் என்று பத்துத் தடவை சொல்லி அனுப்பினேன். பிரசவத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஈஸ்வரிக்கு வலி கண்டபோது அவள் பிடித்துக்கொண்டது அம்மாவின் கையைத்தான்.

அங்கே ஆறு மாதம் இருக்கலாம் என்று முத்திரை குத்தியிருந்தார்கள். இன்னும் நாள் இருக்கேம்மா என்று ஈஸ்வரி கெஞ்சியும், அணை திறப்பதற்கு முந்தின வாரம் சின்னம்மா வந்து இறங்கிவிட்டார். மறுநாள் காலை என் கடையில் அதே நாற்காலி.

“குறுவைக்கு வேண்டியிருக்கு, சிட்டாவை எடுத்துக் குடு புள்ள.”

“அது கிடக்கட்டும். பேத்தி எப்படி இருக்கா?”

சின்னம்மா உதட்டைப் பிதுக்கினார். “ஏதோ கிடக்கு. நோஞ்சான். மூக்கு வேற சப்பை. கறுப்பு.” சொல்லிக்கொண்டே போனை என் பக்கம் தள்ளினார்.

பார்த்தேன். மை அப்பின கன்னம் இரண்டும் தொங்க, பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறது அந்தக் குழந்தை. அள்ளிக் கடித்துவிடலாம் போல இருந்தது. என்ன அழகு என்று நாக்கு நுனி வரை வந்த வார்த்தையை விழுங்கினேன்.

“ஆமா சின்னம்மா,” என்றேன். “சுமாராத்தான் இருக்கு.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்து வழிந்தது.

“அங்க டாக்டரு, நர்ஸு, பக்கத்து வீட்டுக்காரி, அத்தனை பேரும் அழகு அழகுன்னு வாய் ஓயாமச் சொல்லித் தொலைச்சாளுங்கடி. எனக்குப் பக்கு பக்குன்னு இருந்துச்சு. நீ ஒருத்திதான் முறையாச் சொன்னே.”