டாக்டரின் சொந்தச் சாகுபடி

ஊரில் அவருக்கு அத்தாட்சி என்று பெயர். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவரிடம் கேட்பது அதைத்தான். அவரிடம் இல்லாததும் அதுதான். மூன்று ஏக்கரை இருபத்திரண்டு வருடமாகக் குத்தகைக்கு உழுகிறவர். ஆனால் அரசாங்கக் காகிதப்படி அவர் அந்த மண்ணில் கால் வைத்ததேயில்லை. அதன்படி அங்கே வெயிலில் வெந்தவர், நிலத்தின் சொந்தக்காரர், நகரத்தில் ஏசி அறைக்குள் பல் பிடுங்கும் டாக்டர். வறட்சி நிவாரணம், விதை மானியம், உர மானியம் எல்லாம் வழி தவறாமல் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தன. வேளாண் அலுவலகச் சுவரில் ஒட்டிய பட்டியலில் அவருக்கு மேலே ஒரு ஜவுளிக்கடை முதலாளி, கீழே ஓய்வுபெற்ற நீதிபதி. நாட்டில் விவசாயிகளுக்குப் பஞ்சமில்லை என்று படித்தவர்கள் நிம்மதியடையலாம்.

இந்த வருடம் புதுத் திட்டம் வந்தது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற, ஒரு வருடம் எதையும் விதைக்காமல் நிலத்தைச் சும்மா போடுகிறவருக்குப் பணம். விதைக்காமல் இருப்பதில் டாக்டருக்குப் பிறந்ததிலிருந்தே அனுபவம். உடனே விண்ணப்பித்தார். உழுகிறவருக்குப் பாதி என்றும் ஒரு விதி இருந்தது. அதற்குக் குத்தகைக்காரர் ஒருவர் உண்டு என்று டாக்டர் எழுதித் தரவேண்டும். எழுதினால் நாளைக்கு நிலத்தையே கேட்பாரோ என்று பயந்து, 'சொந்தச் சாகுபடி' என்று போட்டுவிட்டார். அத்தாட்சிக்குப் போனில் உத்தரவு வந்தது: இந்த வருடம் எதுவும் போட வேண்டாம், களை மட்டும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்றிலிருந்து அத்தாட்சியின் மனைவி வாய் ஓயவில்லை. ஒரு வருடம் விதைக்காவிட்டால் மாட்டுக்கு எதைப் போடுவது, நாம் எதைத் தின்பது, டாக்டர் பிடுங்கிய பல்லையா?

பாக்கி இருந்தது ஒரே வேலை. விவசாயி தன் வயலில் நிற்பதை அதிகாரி செல்போனில் படம் பிடிக்க வேண்டும். எந்த இடத்தில் எடுத்தது என்பதை அந்தப் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

டாக்டர் காரில் வந்து இறங்கினார். அறுவடை முடிந்து எல்லா வயல்களும் ஒரே மொட்டையாகக் கிடந்தன. அதிகாரி ஊருக்குப் புதுசு. சொந்தக்காரருக்குத் தெரியாதா என்று டாக்டருக்குப் பின்னாலேயே நடந்தார். வரப்பில் நிற்பவர் யார் என்று அதிகாரி கேட்டதற்கு, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் என்று டாக்டர் சொன்னார். அத்தாட்சியும் சொன்னபடியே வேடிக்கை பார்த்தார்.

டாக்டர் விறுவிறுவென்று நடந்து, பக்கத்து வயலின் நடுவில் போய், இடுப்பில் கை வைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

அத்தாட்சிக்கு வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. டாக்டர் கெட்டவரில்லை, போன வருடம் இவருடைய கடைவாய்ப் பல்லைக் காசு வாங்காமல் பிடுங்கிவிட்டவர். கையைக்கூடப் பாதி தூக்கிவிட்டார். பிறகு அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

பதினைந்தாம் நாள் விண்ணப்பம் தள்ளுபடியானது. காரணம்: விவசாயி பிறர் நிலத்தில் நிற்கிறார். மறுபடி விண்ணப்பிக்கத் தேதி முடிந்துவிட்டது. அதற்கு மறுநாள் டாக்டர் போன் செய்தார்.

"நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்க நிலம் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன் சார்."

அந்தப் பக்கம் ஏதோ கருவி கிண்ணத்தில் விழுந்த சத்தம் கேட்டது. யாரோ ஒருவர் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"சரி, எப்பவும்போல மக்காச்சோளமே போட்டுடுங்க."

"ஆகட்டும் சார்" என்றார் அத்தாட்சி. விதைத்து முடிக்க இன்னும் நாலு சால்தான் பாக்கி இருந்தது.