ஏரிக்கரை பங்களாவின் சாமி ரூம்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு மில் முதலாளி குடும்பம் விற்றுவிட்டுப் போன பழைய பங்களா, இப்போது ஓட்டல். பழனியிலிருந்து வந்த நானும் என் மனைவியும் சுற்றிப் பார்க்கிறோம். மாடிப்படிக்குப் பக்கத்தில் கழிப்பறை. அதைக் கழுவ வந்த அக்கா வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிறார். தரையோ ஐஸாகக் குளிர்கிறது.

"ஏங்க்கா, செருப்பப் போட்டுக்கிட்டே கழுவலாம்ல?" என்கிறாள் என் மனைவி.

"இது மொதலாளி வீட்டு சாமி ரூமா இருந்த எடம்மா. அப்ப வெள்ளனே கோலம் போட்டு வெளக்கேத்துனது நாந்தான். இப்ப பினாயில் ஊத்துறேன். மேனேஜரு என்னைய பைத்தியம்னு சிரிக்கிறாரு."

என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தவர் கேட்கிறார்: "அய்யா, இந்தச் சோலிய விட்டா எனக்குச் சோறில்ல. செய்யிறது பாவமுங்களா?"

பையில் மலைக்கோயில் திருநீறு இருக்கிறது. கழிப்பறை வாசலில் அதை எடுக்கக் கை வரவில்லை. அவர் வாளியோடு உள்ளே போகிறார்.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். நான் ஏதோ ஆறுதல் சொன்னதாகச் சேர்த்துவிடாதீர்கள்.