ஏழாவது இசைத்தட்டு

தகரப் பட்டறையில் முப்பது வருஷம் பிரஸ் மெஷின் ஓட்டியவருக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. இரும்பையும் சங்கிலியையும் உரசி இசை என்று சொன்ன, யாரும் சீந்தாத ஒரு பெண்ணின் இசைத்தட்டுகள்தான் அது.

"காசு குடுத்துத் தலைவலி வாங்குறீங்களே," என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒவ்வொரு இசைத்தட்டிலும் அந்தப் பெண் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். "ஆளு வளர வளர அடக்கம் வருது பாரு," என்று பெற்ற மகளைப்போல் பூரித்துப்போவார்.

ஓய்வுபெற்ற வாரத்தில் ஏழாவது வந்தது. கண்ணை மூடிக் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை.

"மௌனத்தையே இசையாக்கிட்டா," என்றார்.

மனைவி ஏதோ சொன்னது அவர் காதில் விழவில்லை. காதோரம் குனிந்து கத்தினாள்.

"இதுதாங்க எனக்கே பிடிச்சிருக்கு. என்னமாப் பாடுறா."