அப்பாவின் எழுத்து இல்லாத கடிதங்கள்

அப்பா பர்மா சண்டைக்குப் போனபோது நான் மூன்றாம் வகுப்பு. கீழப்பழுவூர் தபால்காரர் கொண்டுவரும் கடிதங்களைப் படித்துக்காட்டுவது என் வேலை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அப்பா பென்சிலை அழுத்தி எழுதுகிறவர். புள்ளி வைத்த இடத்தில் தாள் பொத்தலாகிவிடும். நான் படித்து முடித்ததும் அம்மா கடிதத்தை வாங்கிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் வந்த கடிதத்தில் வழக்கமான விஷயங்கள்தான் இருந்தன. நலம், நலமறிய ஆவல், கடலை பறித்தாயிற்றா. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அம்மா தடவிப் பார்த்தாள். தாள் வழவழவென்று இருந்தது.

"இது ஒங்கப்பா எழுத்து இல்லடி."

பெரியப்பா சிரித்தார். "கூட இருக்குறவன் யாராச்சும் எழுதிக் குடுத்திருப்பான். சேதி நல்ல சேதிதானே?"

ஏன் நீங்களே எழுதவில்லை என்று கேட்டு என்னை எழுதவைத்தாள் அம்மா. வேலை அதிகம் என்று பதில் வந்தது, அதே வழவழப்பான தாளில். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பினால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்து அழுகைச் சத்தம் கேட்ட நாளில், தாலிக்கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவிடம் சொன்னாள்: "அவரு போயிட்டாரு மாமா. யாரோ பாவம் பாத்து எழுதிக்கிட்டிருக்காங்க."

பெரியப்பா அதட்டினார். ஆனால் அவர் குரலிலும் பழைய தெம்பு இல்லை. நான் அப்பாவின் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து என் பாய்க்கடியில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

ஒரு மதியம் வாசலில் அம்மா வரகு குத்திக்கொண்டிருந்தபோது காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து நின்றார். உலக்கை அந்தரத்தில் நின்றது.

"பட்டாளத்துக்காரர் வூடு இதானுங்களா? நான் வரதராஜன்பேட்டைங்க, லீவுல வந்திருக்கேன். அவருக்கு நான்தாங்க கடுதாசி எழுதிக் குடுத்தேன். ஆஸ்பத்திரியில அடுத்த கட்டில்."

"அவரு?" என்றாள் அம்மா.

"இருக்காருங்க. வலது கைதான்... குண்டு பட்டு மணிக்கட்டோட எடுத்துட்டாங்க. வூட்ல பயந்துருவாங்க, எழுதாதன்னுட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"நான்தாங்க சோறு ஊட்டிவிட்டேன். உப்பு பத்தலன்னு திட்டுனாரு."

அம்மா சிரித்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிய வழியச் சிரித்தாள். அப்படியே கொல்லைக்கு ஓடி, முட்டையிடும் கோழியைத் துரத்திப் பிடித்தாள். பெரியப்பா தடுக்காமல் அரிவாள்மணையை எடுத்துக் கொடுத்தார். வந்தவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அவர் இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு அவளும் உட்கார்ந்து இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அப்பா அடுத்த கடலைப் பட்டத்துக்குள் வந்து சேர்ந்தார். இடது கையால் எழுதவும் பழகினார். ஆனால் அந்த மதியம் நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அப்பாவுக்குக் கை போய்விட்டது என்று கேட்டுவிட்டுக் கோழி அடித்துக் குழம்பு வைக்கிறாளே, இவளெல்லாம் ஒரு அம்மாவா என்று கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன்.