அண்ணியின் மூன்று நிறங்கள்

என் காரின் பின்பெட்டியில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை கிடந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்பது எனக்கு மட்டுமே தெரியும். கார் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு வெளியே நின்றது. நான் உள்ளே மேனேஜரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். அவர் சட்டையிலும் பூட்சிலும் சேறு இன்னும் காயவில்லை. உட்காரச் சொன்னபோது, நாற்காலி அழுக்காகிவிடும் என்று மறுத்துவிட்டார். மேனேஜர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"அந்த எடத்துல அடையாளம் கட்டியிருந்தீங்களா, இல்லையா?"

"கட்டியிருந்தேன் தொரை. ஆனா இன்னிக்குப் பாத்தா அங்க இல்ல."

அண்ணி என் அண்ணனின் மனைவி. என்னைவிட ஒரு வயதுதான் பெரியவர். அண்ணன் எங்கள் மலையூரான திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். அண்ணி தோட்டத்தில் மண்டோர். கொழுந்து வெட்டும் ஆட்களைச் சரிவுகளுக்கு அழைத்துப்போய் வேலை வாங்கும் பொறுப்பு அவருடையது. நானும் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள்தான். பதின்மூன்று வயதில் ஈப்போவில் விடுதிப் பள்ளிக்குப் போனேன், பிறகு கோலாலம்பூரில் வடிவமைப்புப் படித்தேன், அங்கேயே சிறிய அலுவலகம் வைத்தேன். சுற்றுலாப் பயணிகளுக்காகத் தோட்டத்தில் புதிய நடைபாதை ஒன்று போட்டபோது, அதற்கான பலகைகளும் விளம்பரப் படங்களும் செய்து தரும் வேலை எனக்குக் கிடைத்தது. பிறந்த மண்ணுக்கே திரும்பி வந்து செய்யும் வேலை என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

என் அலுவலகச் சுவர் முழுக்கப் படங்கள் ஒட்டியிருக்கும். எங்கோ ஓர் அருங்காட்சியகத்தின் அம்புக்குறி, ஜப்பானியத் தேநீர்ப் பெட்டி, நான் போகாத கண்காட்சிகளின் சுவரொட்டிகள். எல்லாம் திரையில் பார்த்து எடுத்துவைத்தவை. பார்க்கத் தெரிந்தால் போதும், அழகும் யோசனையும் தெருவில் கிடக்கும் என்று கல்லூரிகளில் போய்ப் பேசியும் இருக்கிறேன். அப்படிப் பேசிய நானேதான், எங்கள் தோட்டத்துச் சரிவுகளைப் படம் எடுக்க வந்தபோது, தேயிலைச் செடிகளில் ஆங்காங்கே கட்டியிருந்த ராஃபியாக் கயிறுகளைப் பார்த்து முகம் சுளித்தேன். காய்கறி மூட்டை கட்டும் மலிவான பிளாஸ்டிக் கயிறு. சிவப்பு, நீலம், மஞ்சள். ஒரே சீரான பச்சையில் யாரோ குப்பையைச் சிதறவிட்டதுபோல இருந்தது.

மறுநாள் கோலாலம்பூரிலிருந்து படம் எடுப்பவர் டிரோனோடு வருவதாக இருந்தது. அன்று மதியம் அண்ணி மகளைப் பல் வைத்தியரிடம் காட்ட தானா ராத்தா டவுனுக்குப் போயிருந்தார். நான் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு தனியாகச் சரிவில் ஏறினேன். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று படம் எடுத்து வைத்துக்கொள்வது என் தொழில் பழக்கம். ஒவ்வொரு கயிற்றையும் முதலில் கைபேசியில் படம் எடுத்தேன், பிறகு வெட்டினேன். முடிச்சை அவிழ்க்கத்தான் முதலில் பார்த்தேன். அவிழவில்லை. இரண்டு சுற்று சுற்றி இறுக்கிப் போட்ட முடிச்சு. அப்படி ஒரு முடிச்சை ஒருவர் வீணுக்குப் போடமாட்டார் என்று எனக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை.

படங்கள் அருமையாக வந்தன. மறுநாள் காலை ஒரு மணி நேரம் பனி விலகி வெயில் அடித்தது. அதற்குள் எல்லாவற்றையும் எடுத்து முடித்தோம். அன்று அண்ணியின் ஆட்கள் அடுத்த குன்றில் வேலையாக இருந்தார்கள்.

அதற்கு மறுநாள் அவர்கள் இந்தச் சரிவுக்கு வந்தார்கள். மேலே கியா பார்ம் பக்கமிருந்து இறங்கிய பனி எல்லாவற்றையும் மூடியிருந்தது. நான் நடைபாதையின் தொடக்கத்தில் நின்று பலகையின் மாதிரியை அளந்துகொண்டிருந்தேன். மேலே மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, சட்டென்று நின்றது. பிறகு விசில். அண்ணியின் விசில். நிற்காமல் ஊதினார். ஒரு பெண் கீழே ஓடிவந்தார். "பாய் விழுந்துட்டாரு லா, கயிறு எங்க, லோரி கயிறு எங்க" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டி ஓடினார்.

பாய் என்று எல்லோரும் கூப்பிட்டவர் வங்காளதேசத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். அண்ணியின் ஆட்களில் மிகவும் நம்பிக்கையானவர். கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு செடி வரிசையின் மேல் இழுத்துக்கொண்டு நடப்பார்கள். ஓரத்தில் நடப்பவருக்குக் கால் வைக்கும் இடம் தெரியாது. கண் மெஷினில் இருக்கும். அந்த ஓரத்தில் முந்தின வாரம் மூன்று நாள் பெய்த மழை உள்ளே இருந்த மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. மேலே புல் மட்டும் மூடிக்கிடந்தது.

நான் ஏறிப் போனபோது பனியில் ஒருவரும் முழுசாகத் தெரியவில்லை. குரல்கள் மட்டும் கேட்டன. "யாரும் அசையாதீங்க! ஜாஙான் கெராக்!" என்று தமிழிலும் மலாயிலும் அண்ணி கத்தினார். பிறகு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகே அடுத்தவரைக் கூப்பிட்டார். கீழே பள்ளத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. அண்ணி உட்கார்ந்தபடியே, செடிகளின் அடித்தண்டுகளைப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இறங்கினார். அவர் காலடியில் மண் பொலபொலவென்று உதிரும் சத்தம் எனக்குக் கேட்டது. பாதியில் நின்று, கையால் ஒரு செடியைத் தடவினார். அதற்கடுத்த செடியையும் தடவினார்.

"இங்க செவப்பு கட்டியிருந்தேனே," என்றார், யாரிடமும் இல்லாமல்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷமே, முழுவதும். வாய் திறக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து லாரிக் கயிறு கட்டிப் பாயை மேலே தூக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே கால் முறிந்திருந்தது. ஆம்புலன்ஸ் அவரை ஈப்போவுக்குக் கொண்டுபோனது. அண்ணியையும், சம்பவ இடத்தில் இருந்ததால் என்னையும், மேனேஜர் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"காத்துல அவுந்து போயிருக்குமோ?" என்று மேனேஜர் கேட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அண்ணிக்கு ஒரு வழி திறந்துவிடத்தான் பார்த்தார்.

"நான் போட்ட முடிச்சு காத்துல அவுறாது தொரை."

"அப்ப கட்டலன்னுதானே அர்த்தம்?"

அண்ணி குனிந்து தன் பூட்சைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. என்னைச் சந்தேகப்படவே அவருக்குத் தோன்றவில்லை. நான் மேசையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வேலை போனால் என் அலுவலகம் நிற்காது என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. பிறகு சொல்லிக்கொள்ளலாம், தனியாகச் சொல்லலாம் என்று இன்னொரு குரல். விசாரணை முடியும்வரை அண்ணி சரிவுக்குப் போகக்கூடாது, ஃபேக்டரியில் இருக்கட்டும் என்று மேனேஜர் எழுதினார். அண்ணி கையெழுத்துப் போட்டார். அப்போதும் நான் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அடுப்பில் உலை வைத்தார். அரிசியைக் களைந்தவர், களைந்த அரிசியையே மறுபடி களைந்தார். பிறகு பானையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏம்மா, ஒருவேள நான் கட்டவே இல்லையோ? போன வாரம் மூணு நாளும் மழ. கட்டணும்னு நெனச்சதையே கட்டிட்டதா நெனச்சுக்கிட்டு இருக்கேனோ?"

மேனேஜரின் கேள்விக்கு அசையாதவர், தன் நினைவையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை. காருக்குப் போய்ப் பையை எடுத்து வந்து, அடுக்களைத் தரையில் கொட்டினேன். "நான்தான் அண்ணி வெட்டினேன். படத்துல அசிங்கமா தெரியும்னு வெட்டிட்டேன்" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் நின்றிருப்பேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கயிறுகளை நிறவாரியாகப் பிரித்தார். "எத்தன எடத்துல?" என்று மட்டும் கேட்டார்.

"இந்த ஒரு சரிவு பூரா."

"காலைல வேற மண்டோர் ஆளுங்கள ஏத்துவாரு. ஒண்ணுலதான் விழுந்திருக்காரு பாய். மிச்சம் எல்லாம் அப்படியே இருக்கு." அடுப்பை அணைத்தார். "எழுந்திரு. இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கு."

எங்கே எது கட்டியிருந்தது என்பதை என் கைபேசிப் படங்கள்தான் காட்டின. நான் படத்தைக் காட்ட, அண்ணி செடியைத் தேடிப் பிடித்துக் கட்டினார். போகும் வழியில் ஒவ்வொன்றாகச் சொன்னார், என்னைப் பார்க்காமலே. சிவப்பு என்றால் அடியில் மண் இல்லை. நீலம் என்றால் குளவிக்கூடு. மஞ்சள் என்றால் மருந்து அடித்திருக்கிறது, நாள் ஆகும்வரை கை வைக்கக்கூடாது. எங்கள் அப்பா காலத்தில் எல்லோரும் தமிழர்கள்; "அங்க போகாத" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். இப்போது ஒரே சரிவில் நான்கு மொழி பேசுகிறவர்கள் வேலை செய்கிறார்கள். சொல்வதை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் கால் பள்ளத்தில் இறங்கிவிடும். எழுதிவைத்தால் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் பிரிஞ்சாங் டவுன் கடையில் மூன்று உருண்டை ராஃபியா வாங்கி, தானாகவே இதை ஆரம்பித்திருக்கிறார். யாரும் சொல்லித்தரவில்லை. ஆபீசில் அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. காசு வாங்கிக்கொண்டு நான் செய்யும் வேலையை, என்னைவிடத் தெளிவாக, அவர் அங்கே செய்துவைத்திருந்தார். கடைசி மூன்று செடிகளைக் கைபேசி விளக்கில் கட்டினோம். ஒரு நீலத்தைக் கட்டும்போது கூட்டிலிருந்து குளவி ஒன்று கிளம்பி என் காதருகே சுற்றியது. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் அப்படியே நின்றோம்.

காலையில் நானே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு அண்ணியின் பேரில் எழுதிய காகிதத்தைக் கிழித்தார். என் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார், அது நியாயம்தான். அண்ணி அன்றே சரிவுக்குத் திரும்பினார். என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். கோபத்தில் கத்துகிறவர் அல்ல அவர். நான் போன் செய்தால் எடுத்து, "அண்ணன் இல்ல" என்று சொல்லி வைத்துவிடுவார்.

ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாயைப் பார்த்தேன். நடந்ததை அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நானும் என் வாயால் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "படம் நல்லா வந்திச்சா?" என்று கேட்டார். அதில் குத்தல் இல்லை, உண்மையாகவே கேட்டார். கைபேசியைக் கொடுத்தேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, வரிசை வரிசையாக நகர்த்திக்கொண்டே போய், ஓர் ஓரத்தில் நிறுத்தினார். "இங்கதான்" என்றார். அந்தப் படம் விளம்பரத்துக்குப் போகவில்லை. நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பாய் இப்போது ஃபேக்டரியில் இலை நிறுக்கிறார். காலைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறார்.

என் அலுவலகச் சுவரிலிருந்து படங்களை எடுத்துவிட்டேன். இப்போது எந்த இடத்துக்குப் பலகை செய்யப் போனாலும் முதல் வாரம் பென்சிலைத் தொடுவதில்லை. அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே தங்களுக்காகச் செய்துவைத்திருப்பதைத் தேடுகிறேன். ஒரு கிளினிக்கில் தாதி ஒருவர் மருந்து அலமாரியில் ஒட்டியிருந்த பூப்போட்ட டேப், ஒரு சந்தையில் மீன்காரர் வழுக்கும் தரையில் கவிழ்த்துவைத்த சிவப்பு வாளி. இது எதற்கு என்று கேட்கிறேன். கேட்ட பிறகுதான் அதைத் தொடுகிறேன்.

போன மாதம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. அவராக என்னைக் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"புதுசா நேப்பாளத்துலேருந்து ஒருத்தர் வந்திருக்காரு. ரெண்டு தடவ செவப்பு கட்டுன எடத்துக்கே நேரா நடந்து போறாரு. திட்டிட்டேன். அப்புறம் கயித்த எல மேல வச்சுக் காட்டிக் கேட்டா, அவருக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுதாம்." பிறகு கேட்டார்: "இது உன் படிப்புல இருக்கா?"

இருந்தது. சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாதவர்களைப் பற்றி நான் படித்திருக்கிறேன். இரண்டு மூன்று பதில்கள் நாக்கு நுனியில் வந்து நின்றன. விழுங்கிக்கொண்டேன்.

"நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன் அண்ணி."

 அண்ணி சொன்னார்: "பூட்ஸ் கொண்டா. இங்க ஒரே சேறு."

இரண்டு நாள் மூவரும் சரிவிலேயே இருந்தோம். வெள்ளை கட்டலாம் என்றார் நேப்பாளக்காரர். பனியில் வெள்ளை கரைந்துபோகும் என்றார் அண்ணி. கடைசியில் சிவப்புக்குப் பதிலாக நீலத்தையும் மஞ்சளையும் சேர்த்துப் பின்னி, ஒரு கம்பில் நெஞ்சு உயரத்தில் கட்டினோம். ஆபத்து இல்லாத ஓரிடத்தில் நானும் அண்ணியும் மட்டும் போய் அதை நட்டுவிட்டு, பனி இறங்கும்வரை காத்திருந்தோம். மெஷினின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை அண்ணி பிடித்தார். எங்கே நட்டிருக்கிறோம் என்று அவருக்குச் சொல்லவில்லை. மெஷின் சத்தம் பனிக்குள் என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தது. உருவம் தெரியவில்லை. அவர் கவனிக்காமல் வந்தால் தடுப்பதற்காக, நான் கம்புக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கம்புக்கு இரண்டு செடி முன்னால் சத்தம் நின்றது.

"பாத்துட்டாரு அண்ணி," என்றேன்.

"பனி இன்னும் எறங்கட்டும்," என்றது அண்ணியின் குரல். "இன்னொரு தடவ நடந்து பாப்போம்."